பட்டன் பட்டனாகத் தெரிய வேண்டும்: பழைய இடைமுகத்தை விரும்புவோரின் வழக்கு

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது, ஒரு கோப்பின் மீது ரைட் கிளிக் செய்தால் விரியும் பட்டியல் உருமாறியிருந்தது. கட், காப்பி, ரீநேம், டெலீட் ஆகிய கட்டளைகள் அதுவரை ஆளுக்கொரு வரியில் பெயரோடு நின்றவை. புதிய பட்டியலில் அவை பெயரிழந்து, சிறு படங்களாகச் சுருங்கி, ஒற்றை வரிசையில் அடுக்கப்பட்டன. போதாக்குறைக்கு அந்த வரிசை ஓரிடத்தில் நிலையாக நிற்கவில்லை. பட்டியல் கர்சருக்குக் கீழ்ப்பக்கம் விரிந்தால் வரிசை மேலேயும், மேற்பக்கம் விரிந்தால் கீழேயும் அமைந்தது. பிற மென்பொருள்கள் சேர்த்துவைத்த கட்டளைகள் பலவற்றைக் காண, கூடுதல் தேர்வுகளைக் காட்டச் சொல்லும் கடைசி வரியை இன்னொரு முறை அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தினால் வந்து நின்றது, விண்டோஸ் 10இல் இருந்த அதே பழைய பட்டியல். மூன்று ஆண்டுகள் கழித்து, 2024இல் வந்த 24ஹெச்2 பதிப்பில், அந்தப் படங்களுக்கு அடியில் மைக்ரோசாஃப்ட் பெயர்களைத் திரும்ப எழுதிவைத்தது.

மென்பொருளின் தோற்றம் மாறும்போதெல்லாம் எழும் முணுமுணுப்பைப் பழக்கதோஷம் என்று ஒதுக்கிவிடுவது தயாரிப்பாளர்களின் வழக்கம். மாற்றம் யாருக்கும் முதலில் பிடிக்காது, இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லப்பட்டவை ஆண்டுக்கணக்கில் சரியாகாமல், கடைசியில் தயாரிப்பாளரே இறங்கிவந்த நிகழ்ச்சிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பலமுறை நடந்துவிட்டன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், பழைய இடைமுகத்தை, அதாவது பட்டன், மெனு என்று திரையில் நாம் பார்த்துப் பயன்படுத்தும் பழைய அமைப்பை, கேட்பவர்களின் கோரிக்கை இரண்டே இரண்டு என்று தோன்றுகிறது. எதை அழுத்தலாம், எதை அழுத்த இயலாது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். நேற்று ஓரிடத்தில் இருந்தது இன்றும் அங்கேயே இருக்க வேண்டும். 1990களின் இடைமுகம் இவ்விரண்டையும் ஏறக்குறைய முழுமையாகத் தந்தது. அதனால்தான் பேச்சு எப்போதும் அந்தக் காலத்துக்கே போகிறது.

விண்டோஸ் 95இன் சாதாரண பட்டன் ஒன்றை நெருங்கிப் பார்க்கலாம். அதன் பரப்பு ஒரே சாம்பல் நிறம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 192 என்னும் அளவில் கலந்தது. மேல் விளிம்பும் இடது விளிம்பும் வெள்ளைக் கோடுகள். கீழ் விளிம்பும் வலது விளிம்பும் அடர் சாம்பலும் கறுப்புமான கோடுகள். ஒளி திரையின் இடது மேல் மூலையிலிருந்து விழுவதாகக் கற்பனை செய்து வரைந்த அந்த நான்கு கோடுகளால், பட்டன் திரையிலிருந்து புடைத்து நிற்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். அழுத்தினால் வெளிச்சமும் நிழலும் இடம் மாறும். உள்ளிருக்கும் எழுத்தும் மயிரிழை வலப்பக்கமாகக் கீழிறங்கும். பட்டன் அமுங்கியது என்பதில் ஐயம் இருக்காது. எழுதுவதற்கான கட்டம் இதற்கு நேர்மாறாக, எப்போதும் குழிந்து தெரியும். செயல்பட முடியாத கட்டளையின் பெயர் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும், மறைந்துபோகாது. ஆகவே அப்படியொரு வசதி இருக்கிறது, இப்போதைக்குக் கிடைக்காது என்ற இரண்டு செய்தியும் ஒருங்கே சேர்ந்துவிடும். கட்டளைப் பெயருக்குப் பின்னால் மூன்று புள்ளிகள் இருந்தால், அழுத்தியவுடன் காரியம் நடந்துவிடாது, இன்னும் சில விவரங்களைக் கேட்கும் பெட்டி திறக்கும் என்று பொருள். பெயரில் ஓரெழுத்தின் அடியில் கோடு இருந்தால், ஆல்ட் விசையோடு அந்த எழுத்தைத் தட்டலாம். ஸ்க்ரோல் பாரில் நகரும் கட்டையின் நீளம், ஆவணத்தின் எத்தனை பங்கு இப்போது கண்முன் இருக்கிறது என்பதைச் சொல்லும்.

இத்தனை செய்தியும் மிகச் சில புள்ளிகளுக்குள் அடங்கியிருந்தது என்பதோடு, எல்லா மென்பொருளிலும் ஒரேமாதிரி இருந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. பட்டனை வரைந்து தந்தது விண்டோஸ் என்னும் இயங்குதளம். மென்பொருள் எழுதியவர் அதை எடுத்துப் பயன்படுத்தினார். எஃப்1 அழுத்தினால் உதவி, ஆல்ட்–எஃப்4 அழுத்தினால் மூடல் என்ற வழக்கங்கள் ஐபிஎம் 1987இல் வகுத்த பொது இடைமுக விதிகளிலிருந்து வந்தவை. ஒரு மென்பொருளில் கற்றது அடுத்ததற்கும் செல்லுபடியாகும் என்ற நம்பிக்கை அப்படித்தான் உருவானது.

அந்த நான்கு கோடுகளும் 2010 முதல் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன. அந்த ஆண்டு விண்டோஸ் ஃபோன் 7, 2012இல் விண்டோஸ் 8, 2013இல் ஐஃபோனுக்கான ஐஓஎஸ் 7 என்று தட்டையான தோற்றம் வரிசையாக வந்தது. ஐஓஎஸ் 7இல் பல பட்டன்கள் விளிம்பை இழந்து, வெறும் நிறமேறிய சொற்களாகின. எது தலைப்பு, எது அழுத்தத் தக்கது என்பதை நிறத்தை வைத்தே ஊகிக்க வேண்டியதாயிற்று. 2014 மார்ச்சில் வந்த 7.1 பதிப்பில் பட்டன்களுக்கு வடிவம் காட்டும் ஒரு தேர்வை ஆப்பிள் சேர்த்தது. அதை வைத்த இடம், உடல் குறைபாடு உள்ளவர்களுக்கான அணுகல் வசதிகளின் பட்டியல்! பட்டன் பட்டனைப் போல் தெரிய வேண்டும் என்று கேட்பது ஒரு குறைபாடாக வகைப்படுத்தப்பட்டதில் இருக்கும் வேடிக்கையை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. மேக் கணினியில் 2011இல் வந்த லயன் பதிப்பு, டிராக்பேடு கொண்டு உருட்டாத நேரங்களில் ஸ்க்ரோல் பாரை மறைத்தே வைத்தது. பக்கத்துக்குக் கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதை உருட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றானது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். முட்டையிலிருந்து வெளிவந்ததும் முதலில் கண்ட உருவத்தைத் தாயென்று பின்தொடரும் வாத்துக்குஞ்சைப் போல, ஒருவர் முதன்முதலில் பழகிய கணினித் தோற்றத்தையே வாழ்நாளெல்லாம் சிறந்ததாகக் கருதுகிறார் என்று மென்பொருள் துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. இதை வரலாற்றோடு ஒப்பிட்டுச் சோதிக்க ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியானபோது நடந்த மாற்றம், பின்னாளில் வந்த பல மாற்றங்களைவிடப் பெரியது. மென்பொருள்களின் ஐகான்களைத் தொகுதி தொகுதியாகக் காட்டிய, விண்டோஸ் 3.1இன் புரோகிராம் மேனேஜர் போய், ஸ்டார்ட் மெனுவும் டாஸ்க்பாரும் வந்தன. பழைய புரோகிராம் மேனேஜரை மைக்ரோசாஃப்ட் அழித்துவிடவும் இல்லை. 95இலும் அதற்குப் பின் வந்த 98, 2000 பதிப்புகளிலும் அது உள்ளேயே இருந்தது, வேண்டியவர்கள் எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் அதைத் திரும்பக் கொடு என்று பெரிதாக எந்தக் குரலும் எழவில்லை. முதலில் பழகியதே சிறந்தது என்பதுதான் விதி என்றால், அன்றைக்கே அது வேலை செய்திருக்க வேண்டும்.

அப்போது ஏன் செய்யவில்லை என்பதற்கான காரணம் அந்தப் பதிப்பு உருவான விதத்தில் இருக்கிறது. சிகாகோ என்னும் குறிப்பெயரில் நடந்த அந்தப் பணியில், சாதாரண மக்களை அழைத்துவந்து கணினி முன் அமர்த்தி, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். அக்குழுவைச் சேர்ந்த கென்ட் சல்லிவன் 1996இல் இதை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். புதியவர்களுக்கு டபுள் கிளிக் வரவில்லை. ஒரு சாளரத்தின் மேல் இன்னொரு சாளரம் வந்து மறைத்துவிட்டால், முதலாவது மூடிப்போய்விட்டது என்றே எண்ணிக்கொண்டார்கள். டாஸ்க்பார் அதற்கான விடை: திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்துக்கும் எப்போதும் கண்ணில் படும்படி பெயரோடு ஒரு பட்டன். தொடக்கத்தில் 'சிஸ்டம்' என்று பெயரிடப்பட்டிருந்த பட்டனை 'ஸ்டார்ட்' ஆக்கியதும் இந்தத் திருத்தங்களின் போக்கில்தான். பழையதைவிடப் புதியது அதிகமாகக் காட்டியது. ஆகவே மக்கள் புதியதோடு போனார்கள்.

அந்தப் பாடத்தை 2021இல் அதே நிறுவனம் மறந்தது. விண்டோஸ் 11 வெளியானபோது, ஒரே மென்பொருளின் பல சாளரங்களைத் தனித்தனியாகப் பெயரோடு காட்டும் தேர்வு டாஸ்க்பாரிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. ஐந்து வேர்டு ஆவணங்கள் திறந்திருந்தாலும் ஒரே ஐகான். அது திரும்பிவர 2023 ஆயிற்று. ஸ்டார்ட் பட்டனும் இடது மூலையிலிருந்து எழும்பி நடுவே வந்து உட்கார்ந்தது. ஐகான் வரிசை முழுவதும் நடுவாக ஒழுங்குபடுத்தப்பட்டதால், புதிதாக ஒரு மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம் ஸ்டார்ட் பட்டன் சற்று இடப்பக்கம் நகர்கிறது. மூடினால் வலப்பக்கம் வருகிறது. இடது ஓரத்துக்கே மாற்றிக்கொள்ளும் அமைப்பு உள்ளே இருக்கிறது என்றாலும், அதைத் தேடிப் போகிறவர் எத்தனை பேர்? வெளியூரில் இருக்கும் அப்பாவுக்கு ஃபோனில் வழிசொல்லும் மகளோ மகனோ "இடது பக்கம் கீழ் மூலையைப் பாருங்கப்பா" என்று சொன்னால் முன்பு அது எல்லாக் கணினிக்கும் பொருந்தும்.

பழையது எல்லாம் நல்லது என்று நான் வாதிடவில்லை என்பதற்கு ஆபிஸ் மென்பொருளின் கதை உதவும். வேர்டு 2003இல் 1500க்கும் மேற்பட்ட கட்டளைகள் சேர்ந்துவிட்டிருந்தன. மெனுவுக்குள் மெனு, அதற்குள் பெட்டி, பெட்டிக்குள் டேப் என்று அவை புதைந்து கிடந்தன. இந்த நெரிசலுக்கு ஆபிஸ் 2000இல் கண்ட தீர்வு நெரிசலைவிட மோசம். அடிக்கடி பயன்படுத்தாத கட்டளைகளை மெனு தானாகவே ஒளித்துவைத்துவிடும். கீழே இருக்கும் இரட்டை அம்புக்குறியைச் சொடுக்கினால்தான் முழுப் பட்டியலும் விரியும். பயனரின் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் மெனு என்று பெருமையாகச் சொல்லப்பட்ட அந்த ஏற்பாட்டில், மேலிருந்து நான்காவது வரியாக இருந்த கட்டளை அடுத்த வாரம் இரண்டாவது வரியாகிவிடும். சாம்பல் பட்டனும் நிழல் விளிம்பும் அப்படியே இருந்தும் மக்கள் அதை வெறுத்தார்கள் என்றால், பழைய தோற்றம் மட்டுமே போதுமானதாக இல்லை, இடம் நிலைத்திருப்பதும் வேண்டியிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

மெனுக்களுக்குப் பதிலாகக் கட்டளைகளைத் திரையின் மேலே அகன்ற பட்டையில் பரப்பிக் காட்டும் ரிப்பன் 2007இல் ஆபிஸுக்கு வந்தது; அது எரிச்சலூட்டியது உண்மை. ஆனாலும் புதுப்பிப்புகளுள் அதை நேர்மையான ஒன்றாகவே நான் கருதுகிறேன். ஒளித்துவைத்தல் ஒழிந்தது, பெரும்பாலான கட்டளைகளுக்குப் பெயரும் நிலையான இடமும் கிடைத்தன. அதைவிட முக்கியமாக, கைகளின் நினைவு மதிக்கப்பட்டது. எக்செல்லில் மதிப்பை மட்டும் ஒட்டுவதற்குப் பழைய எடிட் மெனு வழியாக ஆல்ட், இ, எஸ், வி என்று தட்டிப் பழகியவர்கள் உண்டு. எடிட் மெனு போய் இத்தனை ஆண்டுகளான பின்னும் அந்த வரிசை இன்று வேலை செய்கிறது. முதல் இரண்டு விசைகளைத் தட்டியதும், பழைய பதிப்பின் வரிசையைத் தொடரலாம் என்று ஒரு சிறு பெட்டி மேலே தோன்றும். இல்லாத மெனுவுக்கு வழிகாட்டும் இந்தப் பெட்டியை வடிவமைத்தவருக்கு, கணினியில் வேலை செய்கிறவரின் கை எப்படி இயங்கும் என்பது தெரிந்திருக்கிறது.

நம் ஊர்க் கடைகளிலும் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் இதற்கு இணையான சான்று டேலி என்னும் கணக்கெழுதும் மென்பொருள். 2020 நவம்பரில் டேலி இஆர்பி 9 போய் டேலிபிரைம் வந்தபோது திரையின் அமைப்பு வெகுவாக மாறியது. ஆனால் எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்ற வரிசை அப்படியே இருந்தது. கண்ணை பில்லில் வைத்துக்கொண்டு, திரையைப் பாராமலே வவுச்சர் போடும் கணக்கர் தடுக்கி விழாததற்கு இந்த ஆறு விசைகளே காரணம். ஆனால் கிரெடிட் நோட்டுக்கான கன்ட்ரோல்–எஃப்8 ஆல்ட்–எஃப்6 ஆனது, டெபிட் நோட்டுக்கான கன்ட்ரோல்–எஃப்9 ஆல்ட்–எஃப்5 ஆனது. கை தவறியது அப்படி மாறிய இடங்களில்தான்.

விண்டோஸ் 8 இதற்கு நேர்எதிர். 2012 அக்டோபர் 26 அன்று வெளியான அதில் ஸ்டார்ட் பட்டனே இல்லை. ஸ்டார்ட் மெனு இருந்த இடத்தை முழுத்திரையை அடைக்கும் வண்ணக் கட்டங்கள் எடுத்துக்கொண்டன. கணினியை அணைக்க வேண்டுமென்றால் மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து எட்டிப்பார்க்கும் பட்டையில் செட்டிங்ஸ், அதில் பவர், அதில் ஷட் டவுன் என்று போக வேண்டும். இதை வடிவமைத்தவர்கள் ஒன்றும் அறியாதவர்களல்லர். இலக்கு எவ்வளவு பெரிதோ, எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு விரைவாகக் கை அதை எட்டும் என்று பால் ஃபிட்ஸ் என்னும் உளவியலாளர் 1954இல் நிறுவிய விதி இத்துறையின் பாலபாடம். அதன்படி திரையின் மூலைகளே மிக எளிதில் எட்டக்கூடியவை. மவுஸை எவ்வளவு வேகமாக வீசினாலும் அது அங்கே போய் நின்றுவிடும். ஆகவே முக்கியமானவற்றை மூலைகளில் வைத்தார்கள். ஆனால் அங்கே ஓர் அடையாளமும் வரையவில்லை. எட்டுவதற்கு எளிது என்பது, அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும்.

ஸ்டார்ட் மெனுவை நீக்கியதற்கு அவர்கள் புள்ளிவிவரமும் காட்டினார்கள். விண்டோஸ் 7இல் வேண்டிய மென்பொருள்களை டாஸ்க்பாரிலேயே பொருத்திவைக்க முடிந்ததால், ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது முன்பைவிடக் குறைந்திருந்தது. குறைவாகப் பயன்படுகிறது, எனவே தேவை குறைவு என்று முடிவுகட்டினார்கள். கணினியை அணைக்கும் கட்டளையை ஒருவர் நாளுக்கு ஒருமுறைதான் தொடுகிறார்; அந்த ஒருமுறை அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிக்கை காட்டாது. 2013இல் 8.1 பதிப்போடு பட்டன் திரும்பியது, 2015இல் விண்டோஸ் 10 மெனுவையும் திரும்பக் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தில் கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருள் அந்தக் குறையைத் தீர்த்தது. 2009இலேயே தொடங்கப்பட்ட அது, விண்டோஸ் விஸ்டாவில் காணாமற்போன, மேல் அடைவுக்குச் செல்லும் 'அப்' பட்டன் போன்ற சின்னச் சின்ன வசதிகளை மீட்டுத் தந்துகொண்டிருந்தது. அந்த 'அப்' பட்டனை மைக்ரோசாஃப்ட் தானே திருப்பிக் கொடுத்தது, ஸ்டார்ட் பட்டனைப் பறித்த அதே விண்டோஸ் 8இல்.

இத்தனை அனுபவத்துக்குப் பின்னும் புதுப்பிப்பு ஏன் ஓயவில்லை என்றால், அதற்கான காரணங்கள் பெரும்பாலும் பயனரின் மேசையில் பிறப்பவை அல்ல. முதலாவது தொடுதிரை. மவுஸ் முனை மிகச் சிறிய குறியையும் தொட்டுவிடும். விரலுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இடம் வேண்டும். ஒரே வடிவமைப்பு ஃபோனுக்கும் மேசைக்கணினிக்கும் பொருந்த வேண்டும் என்று முடிவெடுத்தால், விரலுக்கேற்ற இடைவெளியை மவுஸ் வைத்திருப்பவரும் சுமக்க வேண்டும். ஒரு திரையில் முப்பது வரி பார்த்தவர் இருபது வரி பார்ப்பார். இரண்டாவது, பல மென்பொருள்கள் இன்று இணைய உலாவியின் தொழில்நுட்பத்தில் கட்டப்படுகின்றன; இயங்குதளம் வரைந்து தரும் பட்டன் அவற்றுக்குத் தேவையில்லை, ஒவ்வொன்றும் தன் பட்டனைத் தானே வரைந்துகொள்கிறது. மூன்றாவது வியாபாரம். ஆபிஸ் 2003ஐக் காசு கொடுத்து வாங்கியவர் பிடிக்கும்வரை அதிலேயே இருந்தார். சந்தா கட்டுபவருக்கு அந்த உரிமை இல்லை, ஒரு காலையில் திறக்கும்போது முகம் மாறியிருக்கும். திரையின் காலி இடத்துக்கும் இப்போது விலை உண்டு. 2024இல் விண்டோஸ் 11இன் ஸ்டார்ட் மெனுவிலேயே மைக்ரோசாஃப்டின் இணையக் கடையில் இருக்கும் செயலிகளின் பரிந்துரைகள் வரத் தொடங்கின.

தமிழில் கணினியைப் பயன்படுத்துவோர் அந்தப் பழைய நாட்களை முழுதாகக் கொண்டாட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 95, 98 இரண்டிலும், உலக மொழிகளுக்கான பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் அமைந்த தமிழுக்கு இயங்குதளத்திலேயே இடமில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பாமினி போன்ற எழுத்துருக்களை வைத்து ஆவணங்களைத் தட்டச்சிட்டோம்; அந்தத் தமிழைக் கோப்பின் பெயராக வைத்தால் கிடைப்பது புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். லதா எழுத்துருவோடு தமிழ் உள்ளே வந்தது விண்டோஸ் 2000இல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளுக்கு மேலும் கீழும் கூடுதல் இடம் வேண்டும். ஆங்கிலத்துக்கென்று அளந்து செய்த நெருக்கமான பட்டன்களில் அவை திணறும். அந்நாளைய விளிம்புக் கோடுகளும் புள்ளிகள் மிக நெருங்கிய இன்றைய 4கே திரையில் அப்படியே வரைந்தால் கண்ணுக்கே தெரியாது. பழைய வடிவமைப்பின் புள்ளிக்கணக்கை மீட்பதில் பயனில்லை. அதன் இலக்கணம் இன்றைய திரைக்கும் எழுத்துக்கும் ஏற்பத் திரும்ப எழுதப்பட வேண்டியது.

அதுவரை பிடிக்காதவர்கள் என்ன செய்வது? நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல உலகில் விடை எளிது. 2011 ஏப்ரலில் வந்த, லினக்ஸுக்கான திரை இடைமுகமான குனோம் 3, சாளரங்களைச் சிறிதாக்கும் பட்டனையும் சாளரப் பட்டியலையும் எடுத்துவிட்டபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையாகச் சாடிவிட்டுச் சில காலம் எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறோர் இடைமுகத்துக்கு மாறினார். குனோம் 2இன் நிரல்களை எடுத்து மாட்டே என்ற பெயரில் சிலர் தொடர்ந்தார்கள், அது இன்றும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்கு இணையான திறந்த மூல மென்பொருளான லிப்ரே ஆபிஸ் பழைய மெனுவையே இயல்பாகத் தந்து, ரிப்பன் போன்ற அமைப்பை விரும்புவோருக்குத் தேர்வாக வைத்திருக்கிறது. விக்கிப்பீடியா புதிய தோற்றத்தை ஆங்கிலப் பதிப்பில் 2023 ஜனவரியில் கொண்டுவந்தது. கணக்கு வைத்திருப்பவர் விருப்பத்தேர்வுகளுக்குப் போய் 2004ஆம் ஆண்டின் மோனோபுக் தோற்றத்தை இன்றும் எடுத்துக்கொள்ளலாம். கட்டுரை அதே கட்டுரைதான், மேலுடை மட்டும் வேறு.

நிரலை நிறுவனமே கைக்குள் வைத்திருக்கும் தனியுடைமை மென்பொருளில் இப்படி நடப்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்குப் பின் பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கூடுதலாகச் சில காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் தரப்படுகின்றன, பிறகு அதுவும் இல்லை. நடுவில் நகரும் ஸ்டார்ட் பட்டன் பிடிக்காமல் 10இலேயே தங்கியவர், அதோடு சேர்த்துப் பாதுகாப்பையும் விட்டுக்கொடுக்கிறார். ஓட்டையை அடைக்கும் நிரலும் முகத்தை மாற்றும் நிரலும் ஒரே பொட்டலமாக வருவதுதான் இன்றைய ஏற்பாடு. இரண்டையும் பிரிக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. எக்ஸ்பி, விஸ்டா, 7 என்று மூன்று தலைமுறைக்கு மைக்ரோசாஃப்ட் புதிய அலங்காரத்தைச் செய்துகொண்டே, தோற்றங்களின் பட்டியலில் 'விண்டோஸ் கிளாசிக்' என்ற ஒன்றையும் வைத்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இயங்குவது 2009ஆம் ஆண்டின் விண்டோஸ் 7ஆக இருந்தாலும், திரையில் விளிம்பு வெளுத்த அந்தச் சாம்பல் பட்டன் வரும். அதை நீக்கியது விண்டோஸ் 8.